படிப்பு டென்ஷனும் தொட்டிச் செடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களோடு சேர்ந்து ஒரு சின்னத் தோட்டத்தைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்கள் களைக்கொத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு செமஸ்டரும் அதையே வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மண்ணோடும் மாணவர்களோடும் பழகியவன், அவ்வளவுதான்.

தோட்ட வேலை செய்தால் மன அழுத்தம் நிஜமாகவே குறையுமா? இல்லை, சும்மா ஒரு ஆறுதலா?

குறைகிறது. அளந்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஆக்னஸ் வான் டென் பெர்க், மரியெட் கஸ்டர்ஸ் இருவரும் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தமானது. தோட்டம் வைத்திருக்கும் 30 பேரைக் கூப்பிட்டு, முதலில் ஒரு கடினமான வேலையைக் கொடுத்து வேண்டுமென்றே டென்ஷன் ஆக்கினார்கள். அப்புறம் சிலரை அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்ய அனுப்பினார்கள். மற்றவர்களை உள்ளே உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். எச்சிலை எடுத்துக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் குறைந்திருந்தது. தோட்டத்துக்குப் போனவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தது. மனநிலை விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. மண்ணைக் கிளறியவர்களுக்குப் பழைய உற்சாகம் முழுசாகத் திரும்பியது. படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது!

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 30 பேரும் ஏற்கெனவே தோட்டத்தை நேசிப்பவர்கள். மண்ணைத் தொட்டாலே முகம் சுளிப்பவருக்கும் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இது ஒற்றைச் சோதனையும் இல்லை. மசாஷி சோகாவும் சக ஆய்வாளர்களும் 2017-இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வும் பதற்றமும் குறைவது, வாழ்க்கையில் திருப்தி கூடுவது என்று மொத்தத்தில் நல்ல பக்கமே தராசு சாய்ந்தது.

அதெல்லாம் வயதானவர்கள் சமாசாரம். என் வயதில் யாரையாவது வைத்துச் சோதித்தார்களா?

சோதித்தார்கள். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 இளைஞர்கள். ஒரு தடவை தொட்டிச் செடியை வேறு தொட்டிக்கு மாற்றி நட வேண்டும். இன்னொரு தடவை கணினியில் ஒரு வேலையை முடிக்க வேண்டும். செடி வேலைக்குப் பிறகு மனம் இதமாக இருந்ததாக அவர்களே சொன்னார்கள். உடம்பும் அதையே சொன்னது: பதறும்போது முடுக்கிவிடப்படும் பரிவு நரம்பு மண்டலம் அடங்கியிருந்தது, ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணும் இறங்கியிருந்தது. ஒரே ஒரு செடி, கொஞ்ச நேரம். தோட்டம்கூட இல்லை.

அப்படி என்னதான் நடக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற பாதிக் கேள்விகள் வராது.

படிக்கும்போது கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்கிறோம். பக்கத்து அறைச் சத்தம், போன், பசி, நாளைய பயம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே பக்கத்தில் கண்ணை நிறுத்துவதற்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு தீர்ந்துபோகும்போதுதான் ஒரே வரியை ஐந்து தடவை படித்தும் மண்டையில் ஏறாமல் இருக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் என்ற அமெரிக்க உளவியல் தம்பதி 1989-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். இலை அசைவது, தண்ணீர் மண்ணில் இறங்குவது, எறும்பு ஊர்வது மாதிரியான காட்சிகள் கவனத்தைக் கேட்டு வாங்குவதில்லை. அது தானாகவே போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில், இழுத்துப் பிடிக்கும் கவனம் ஓய்வெடுத்துத் தெம்பாகிறது என்பது அவர்கள் கருத்து.

போனில் ரீல்ஸ் பார்த்தாலும் கவனம் தானாகத்தானே போகிறது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே கவனத்தைப் பிடுங்குகிறார்கள். யோசிக்க ஒரு இண்டு இடுக்குக்கூட மிஞ்சாது. செடிப் பக்கம் பாதி மனசு போதும். மீதி மனசு தன்பாட்டுக்கு எதையாவது அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

தொட்டி மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தொட்டியைக் கவிழ்க்கிறீர்கள். அடியில் லேசாக ஒரு தடவை தட்டுகிறீர்கள். மண் கட்டியாக வெளியே வருகிறது. வேரெல்லாம் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி, பின்னிய கூடை மாதிரி இருக்கிறது. அதை விரல் நுனியால் அடியிலிருந்து மெல்லப் பிரித்துவிட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஈர மண்ணின் வாசனை. நகக்கண்ணில் மண். போன் அடித்தாலும் எடுக்க முடியாது, கை அப்படி இருக்கிறது. பாதி சிகிச்சை அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்னொன்று, இது ஆய்வு இல்லை, நான் பார்த்தது. மாணவர் செய்கிற ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் மதிப்பெண் போடுகிறார். செடி போடுவதில்லை. நேற்று நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. பக்கத்துத் தொட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்ற கவலையும் கிடையாது. மார்க் இல்லாத ஒரு வேலை நாளில் கால் மணி நேரமாவது இருப்பது பெரிய விஷயம்.

எனக்கு நிலமும் இல்லை, பால்கனியும் இல்லை. ஹாஸ்டலில் ஒரு ஜன்னல்தான். அது போதுமா?

தாராளமாக. ஆனால் முதலில் ஜன்னலைப் பாருங்கள், செடியை அப்புறம் பார்க்கலாம். நேரடி வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது விழுகிறதா? புதினா, துளசி மாதிரி வாசனைச் செடிகளை வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் மட்டும் வருகிறது, வெயில் இல்லையா? மணி பிளான்ட், பாம்புச் செடி, ஸ்பைடர் பிளான்ட். இவை கொஞ்சம் அலட்சியத்தையும் மன்னிக்கும். வெளிச்சமே இல்லாத அறையா? செடியை விட்டுவிட்டு வெளியே உள்ள ஏதாவது மரத்தடிக்குப் போய் உட்காருங்கள். இருட்டறையில் ஒரு செடி நாளுக்கு நாள் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதில்லை.

முதல் செடி எது?

இரண்டு வழி சொல்வேன்.

நாலே நாளில் ஏதாவது கண்ணில் தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கு விதை. பச்சைப் பயறு ஓரிரு நாளில் முளை விட்டுவிடும், முள்ளங்கி மூன்று முதல் ஐந்து நாளில். கொத்தமல்லி வேண்டாம் என்பேன், முதல் தடவையாக இருந்தால். அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். லேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து போட வேண்டும். அப்படிப் போட்டாலும் ஒன்றிரண்டு வாரம் மண் மொட்டையாகவே இருக்கும். பரீட்சை பயத்தோடு இருப்பவர் அந்த மொட்டை மண்ணைத் தினமும் வெறித்துப் பார்த்து, இதுவும் நமக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். நானே ஒரு தடவை பத்தாவது நாள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் முளைவிட ஆரம்பித்திருந்தது. கிளறியதில் அதுவும் போச்சு.

வேகம் வேண்டாம், செத்துப்போகாமல் இருந்தால் சரி என்கிறவர்களுக்கு மணி பிளான்ட் துண்டு. நண்பரின் செடியில் ஒரு கொடியை, கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். கணு என்பது இலை கிளம்பும் இடத்தில் இருக்கும் முடிச்சு. பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்னப் புடைப்பு தெரியும். வேர் வருவது அங்கிருந்துதான், அதனால் அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். சில வாரங்களில் வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் வாயைப் புண்ணாக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எனக்கு நேரமே இல்லை.

10 நிமிடம். கல்லூரி வயதினரை வைத்துச் செய்த 14 ஆய்வுகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பசுமையான இடத்தில் 10 நிமிடம் உட்கார்ந்தாலோ நடந்தாலோகூட, அதே நேரத்தைக் கட்டடங்களுக்கு நடுவே கழிப்பதைவிட மனசுக்கும் உடம்புக்கும் பலன் தெரிந்தது. மிச்சிகனில் 2019-இல் நடந்த இன்னொரு ஆய்வில், கார்டிசால் வேகமாக இறங்கியது 20 முதல் 30 நிமிடத்துக்குள். ஆகவே சாதாரண நாளில் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்த பிறகு என்று தள்ளாதீர்கள். படிப்பு முடியவே முடியாது. இரண்டு பாடங்களுக்கு இடையே வையுங்கள்.

இது படிப்பைத் தள்ளிப்போட இன்னொரு சாக்கு ஆகிவிடாதா?

ஆகலாம். நாளைக்கு வைவா என்றால் இன்றைக்குத்தான் சிலருக்கு எல்லாத் தொட்டியையும் கழுவி அடுக்கத் தோன்றும். ஒரு சின்ன உபாயம்: வேலையை நேரத்தால் அளக்காமல் பூவாளியால் அளங்கள். ஒரு பூவாளித் தண்ணீர் தீர்ந்ததா, உள்ளே போ.

செடி செத்துவிட்டது. இப்போது முன்பைவிட மோசமாக இருக்கிறது.

அதிகம் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். சிலர் கேட்கவே மாட்டார்கள், வருவதை நிறுத்திவிடுவார்கள்.

முதலில் விஷயம். தொட்டிச் செடிகள் பெரும்பாலும் சாவது கவனிக்காததால் இல்லை, அதிகமாகக் கவனித்ததால். பதற்றமாக இருப்பவர் ஏதாவது செய்துகொண்டே இருக்கப் பார்ப்பார். செடி விஷயத்தில் அந்த "ஏதாவது" என்பது தண்ணீர் ஊற்றுவது. மண்ணில் உள்ள காற்று இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு முட்டுகிறது, அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை வாடுகிறது. வாடியதைப் பார்த்து மறுபடியும் ஊற்றுகிறோம். முடிந்தது கதை. சின்னச் சின்னக் கருப்பு ஈக்கள் தொட்டியைச் சுற்றிப் பறந்தால் மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது என்று அர்த்தம்.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். அடியில் துளை இல்லாத தொட்டி என்றால் இன்றைக்கே துளை போடுங்கள். இந்த இரண்டும் போதும், பாதிச் சாவு தவிரும்.

இனி மனசு. செத்த செடியை அப்படியே ஜன்னலில் வைத்திருக்காதீர்கள். நான் செய்யச் சொல்வது: பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருக்கிறதா, பழுப்பாகக் கொழகொழவென்று கையோடு வருகிறதா? காரணம் அங்கே எழுதியிருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று நாற்றுகளை இப்படி வரிசையாகச் சாகடித்தான். ஒவ்வொன்றையும் கழுவி, செய்தித்தாளில் பரப்பி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்றாவதைக் காட்டும்போது அவன் முகத்தில் வருத்தமே இல்லை, துப்பறிகிற ஆர்வம்தான் இருந்தது. "சார், இது வேர் நல்லாத்தான் இருக்கு, தண்டுதான் மண்ணு மட்டத்துல இளைச்சிருக்கு" என்றான். சரியாகச் சொன்னான், நாற்றழுகல் நோய், பூஞ்சை வேலை. தேர்வுத் தாள் திரும்பி வரும்போது இப்படி ஆற அமர உட்கார்ந்து பார்க்க நமக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. நாலாவது நாற்று பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது, பிறகு நத்தை தின்றுவிட்டது.

அறையில் செடி வைத்தால் காற்று சுத்தமாகி மூளை நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?

நாசா 1989-இல் மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய கதை இது. உங்கள் அறை மூடிய பெட்டி இல்லை. கதவிடுக்கில் வந்துபோகும் காற்றே செடியைவிட வேகமாக வேலையை முடித்துவிடும். பிற்பாடு பழைய சோதனைகளின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தவர்கள், காற்றோட்டத்துக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்றார்கள். பத்து என்றாலே உங்களுக்குப் படுக்க இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மண்ணில் சந்தோஷத்தைத் தரும் பாக்டீரியா இருக்கிறதாமே?

மைக்கோபாக்டீரியம் வாக்கே என்று ஒன்று மண்ணில் இருப்பது உண்மை. 2007-இல் அதை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது மூளையில், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் சம்பந்தப்பட்ட நரம்பணுக்கள் தூண்டப்பட்டதும் உண்மை. எலிக்குச் செலுத்தியதற்கும் நீங்கள் களை பிடுங்குவதற்கும் நடுவே தூரம் நிறைய. இதை நம்பி மண்ணை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

செடியோடு பேசலாமா?

பேசுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் தூங்கப் போங்கள்.

வளர்வதைப் படம் எடுத்துத் தினமும் ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

உங்கள் இஷ்டம். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் அங்கேயும் மார்க் வந்துவிட்டது. படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒன்று, அதே இடம், அதே கோணம், யாருக்கும் அனுப்பாமல். செமஸ்டர் முடிவில் வரிசையாகத் தள்ளிப் பாருங்கள்.

தோட்டச் சிகிச்சை என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, நாம் செய்வது அதுவல்ல. பயிற்சி பெற்றவர், ஒரு நோயாளிக்கு என்ன வேண்டும் என்று மதிப்பிட்டு, இலக்கு வைத்து, செடி வேலையைக் கருவியாகப் பயன்படுத்துவது அது. பெஞ்சமின் ரஷ் என்ற அமெரிக்க மருத்துவர், தோட்டம் வெட்டுகிற மனநோயாளிகள் தேறிவருவதை 1812-லேயே எழுதிவைத்திருக்கிறார். இன்று பக்கவாதத்துக்குப் பிறகு கையைப் பழக்குவது முதல் போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் மன அதிர்ச்சி வரை இது பயன்படுகிறது. அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1973-லிருந்து இயங்குகிறது.

அப்படியானால் எனக்குச் செடி போதுமா, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பரீட்சைக்கு முந்தின வாரம் எரிச்சல், தூக்கக் குறைவு, முடிந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் செடி, நடை, தூக்கம், பேச ஒரு ஆள் இவை போதும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே இருக்கிறது, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை என்றால் ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருதடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டே உதவிக்குப் போங்கள். செடிக்கு அப்புறம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். நானே ஊற்றுகிறேன்.

மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், தோட்டம் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஏதாவது?

டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மூட்டையில் வரும் மண்கலவையைப் பிரிக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நண்பர்களாகச் சேர்ந்து ஒரு பாத்தி போடலாம் என்று இருக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

சின்னதாக. எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டுப் பாத்தி போடுவார்கள். மூன்றாவது வாரம் இரண்டு பேர் இருப்பார்கள். ஒரு பாத்தி போதும், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுப்பகுதிக்குக் கை எட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போடுங்கள். தூரத்திலிருந்து வாளி சுமக்கிற உற்சாகம் ஒரு வாரம்தான் தாங்கும்.

முறைவைத்துத் தண்ணீர் ஊற்றும் அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் மறந்தாலும் செடி பிழைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்: எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கே" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற பிள்ளைகள், பக்கத்தில் பக்கத்தில் குந்திக் களை பிடுங்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால், நிறையப் பேசுகிறார்கள். அதைக் கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் செடி என்ன ஆகும்?

பத்து நாள் வரை என்றால் திரி வைத்துவிட்டுப் போகலாம். தடித்த பருத்தி நூல் ஒன்றை முழுசாக நனைத்து, ஒரு முனையை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைத்து, மறு முனையைத் தண்ணீர் நிறைந்த பாட்டிலின் அடிவரை விடுங்கள். பாட்டில் தொட்டிக்குச் சமமான உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும்; மேலே இருந்தால் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். செடியை நேரடி வெயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். கிளம்பும் அன்று அவசர அவசரமாகச் செய்யாமல், இரண்டு நாள் முன்பே வைத்து, பாட்டிலில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இறங்குகிறதா, எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். பாட்டில் சின்னதாகப் பட்டால் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்.